நாவலுக்குச் சுழியம், விருதுக்கு மூன்று: எழுத்தாளர் பேராசிரியர் ஆக முடியுமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதிமுறைகளை எதிர்த்து, அம்மாதம் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. துணைவேந்தரை நியமிப்பது யார் என்பதே அன்று பெரிதும் விவாதிக்கப்பட்டது. வகுப்பறையில் நின்று கற்பிப்பவராக யார் வரலாம் என்ற கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. அந்தக் கேள்வியின் ஒரு மூலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். கதையும் கவிதையும் எழுதும் ஒருவர், அந்தக் கலையையே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பேராசிரியராக முடியுமா? அவர் தலித்தாக இருந்தால் அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபடுகிறது?

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு பாதை உண்டு. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் எழுத்தாளர் பயிலரங்கு தொடங்கியது முதல், படைப்பெழுத்து அங்கே தனித்துறையாக வளர்ந்தது. நுண்கலை முதுகலைப் பட்டமே அத்துறையின் இறுதிப் பட்டமாக ஏற்கப்படுகிறது. அதனுடன் நல்ல பதிப்பகம் வெளியிட்ட ஒன்றிரண்டு நூல்கள் இருந்தால் ஒருவர் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகம் 1970இல் இதே வழியில் இறங்கியது. அங்கும் பலர் நிரந்தரப் பணி கிட்டாமல் பகுதிநேர ஆசிரியர்களாகவே காலம் தள்ளுகிறார்கள் என்பது வேறு கதை. ஆயினும், எழுதிய நூலே ஆசிரியருக்குரிய தகுதி என்பதை அந்த அமைப்பு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இந்தியாவில் நிலைமை அப்படியில்லை. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் தொடங்கிய இலக்கியக் கலை முதுகலை, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டயப் படிப்பு, சில தனியார் பல்கலைக்கழகங்களின் பாடங்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி, படைப்பெழுத்தைக் கற்பிக்க விரும்புபவர் தமிழ்த்துறை அல்லது ஆங்கிலத்துறை வாசல் வழியாகவே உள்ளே வர வேண்டும். அந்த வாசலுக்கு மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளே பூட்டும் சாவியும்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. அதன்மேல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் வெற்றி, அல்லது உரிய முறைப்படி பெற்ற முனைவர் பட்டம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றிருந்த விதி, 2023 ஜூன் இறுதியில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால் விலகியது. இவ்வளவும் பலரும் அறிந்ததே. அதிகம் பேர் படித்துப் பார்க்காதது, நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் மதிப்பெண் அட்டவணை.

பல்கலைக்கழகங்களுக்கான அந்த அட்டவணையில் மொத்தம் 100 மதிப்பெண். முனைவர் பட்டத்துக்கு 30. முதுகலைக்கு 25 வரை, இளங்கலைக்கு 15 வரை. இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் கூடிய நெட் தேர்ச்சிக்கு 7. அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை. கற்பித்தல் அனுபவத்துக்கு 10 வரை. தேசிய, பன்னாட்டு விருதுகளுக்கு 3. நாவலுக்கோ சிறுகதைத் தொகுப்புக்கோ கவிதை நூலுக்கோ அட்டவணையில் இடமே இல்லை. சாகித்திய அகாதெமி விருதே பெற்றிருந்தாலும் கிடைக்கக்கூடியது 3. அந்த விருதுபெற்ற நாவலைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவருக்கோ 4. பணியில் இருக்கும் பேராசிரியர் அதே நாவலை மொழிபெயர்த்து நூலாக்கினால், பதவி உயர்வுக்கான வேறோர் அட்டவணையில் அவருக்கு 8 மதிப்பெண் உண்டு.

கலைஞர்களுக்கு மாற்றுவழியே கூடாது என்று மானியக் குழு கருதுவதாகவும் சொல்ல முடியாது. இசை, நிகழ்த்துகலை, காண்கலை, நாடகம் ஆகிய துறைகளுக்கு அதே 2018 விதிமுறைகள் தனிவழி ஒன்றைத் திறந்துவைத்துள்ளன. இளங்கலைப் பட்டம் பெற்ற, புகழ்மிக்க கலைஞரிடம் பயின்ற, வானொலியில் 'ஏ' தரம் பெற்ற இசைக்கலைஞர் நெட் எழுதாமலே உதவிப் பேராசிரியராகலாம். எழுத்து மட்டும் கலையில்லையா? அந்தத் தனிவழியின் அளவுகோலையும் நாம் கவனிக்க வேண்டும். புகழ்மிக்க குருவின் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போக யாருக்கு அனுமதி இருந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல.

வங்காள எழுத்தாளர் மனோரஞ்சன் பியாபாரியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். நாமசூத்திர அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்தறிவு பெற்றது சிறையில். ரிக்சா இழுத்தார், பயணியாக ஏறிய மகாசுவேதா தேவியிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டதில் அவருடைய எழுத்துவாழ்வு தொடங்கிற்று. மாற்றுத்திறன் மாணவர் பள்ளியில் பல ஆண்டுகள் சமையல் செய்துகொண்டே எழுதினார். தன்வரலாற்றுக்குத் தேசிய அளவில் பரிசு பெற்றார். 2021இல் மேற்கு வங்கச் சட்டமன்ற உறுப்பினரானார். இந்நாட்டில் அவர் சட்டம் இயற்றும் அவையில் அமரலாம். உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பப் படிவத்தைக்கூட நிரப்ப முடியாது.

இத்தகையோருக்காகவே வந்தது போலத் தோன்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2022 செப்டம்பரில் மானியக் குழு வெளியிட்ட 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' வழிகாட்டு நெறிமுறைகள் அவை. துறைசார் பணியில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் பட்டம் தேவையில்லை. இலக்கியமும் அத்துறைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு அளவுக்கு இப்படி நியமிக்கலாம். பணிக்காலம் மிகுந்தால் நான்கு ஆண்டுகள்.

இந்த வாசலைப் பற்றித்தான் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. இப்பணியிடங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குப் புறம்பானவை என்று நெறிமுறை கூறுகிறது. ஆகவே இனச்சுழற்சிப் பதிவேட்டில் அவை ஏறுவதில்லை. இடஒதுக்கீடு பற்றி அதில் ஏற்பாடு இல்லை. பொதுப் போட்டிக்குப் பதிலாக, துணைவேந்தர் பரிந்துரைகளை வரவேற்கிறார். பல்கலைக்கழகத்தின் இரு மூத்த பேராசிரியர்களும் வெளியிலிருந்து ஒருவரும் அமர்ந்து முடிவெடுக்கிறார்கள். துணைவேந்தருக்கு அறிமுகமான எழுத்தாளர்கள் யார்? இலக்கிய விழா மேடைகளில் அவரோடு தேநீர் அருந்துபவர்கள் யார்? பட்டமில்லாத தலித் எழுத்தாளருக்காகத் திறப்பதாகச் சொல்லப்படும் கதவு, பட்டமும் தொடர்பும் உள்ள பிறருக்கே குறுக்குவழியாகிவிடும். நெட் தேறி, முனைவர் பட்டமும் பெற்றுப் பணிக்குக் காத்திருக்கும் நம் ஆய்வாளர்களுக்கும் இதில் இழப்புண்டு. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் காலம் கடத்த நிர்வாகங்களுக்கு இது வசதியான சாக்கு.

சட்டப்படி இதை எதிர்கொள்ள இடமுண்டு என்றே கருதுகிறோம். 45 நாட்கள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு தரப்பட வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 2018இலும் 2022இலும் வலியுறுத்தியுள்ளது. ஓராண்டு, மூன்றாண்டு என்று நீளும் பேராசிரியர் நியமனம் மட்டும் அதற்கு எப்படி விலக்காகும்? இவை 'பணியிடம்' ஆகா என்று நிர்வாகம் வாதிடும். ஊதியமும் பணிக்காலமும் பேராசிரியர் என்ற பெயரும் கொண்ட ஒன்றைப் பணியிடம் அல்ல என்பது சொல்விளையாட்டு.

நிரந்தரப் பணியிடம் உருவானாலும் வேறொரு பொறி காத்திருக்கிறது. படைப்பெழுத்துக்கென்று புதிதாகத் துறை தொடங்கினால் பெரும்பாலும் ஒரே ஒரு பணியிடத்தோடுதான் தொடங்குவார்கள். ஒற்றைப் பணியிடத்தில் இடஒதுக்கீடு கூடாது என்பது 1998இல் சண்டிகர் மருத்துவ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு. துறையையே அலகாகக் கொள்ளும் 13 புள்ளிச் சுழற்சியில் பட்டியல் சாதியினருக்கான முதல் இடம் ஏழாவது பணியிடத்தில்தான் வரும். மக்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகு, 2019ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனம் முழுவதையும் ஓர் அலகாக்கியது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வாரா. தனியார் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்திலோ இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டமே இல்லை.

ஒரு சில பணியிடங்களுக்கு இவ்வளவு வாதம் தேவையா என்று நம் தோழர்கள் சிலர் கேட்கலாம். படைப்பெழுத்து வகுப்பில் மாணவர் எழுதியதை ஆசிரியர் திருத்துகிறார். சேரியின் பேச்சுமொழியில் ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தால், அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பவர் இருக்கிறார். அதுதான் உன் நடை என்று சொல்பவரும் இருக்கிறார். 1992இல் பேச்சுவழக்கிலேயே 'கருக்கு' வெளிவந்தபோது பாமாவுக்கு எந்த எழுத்துப் பட்டறையும் சான்றிதழ் தரவில்லை. அதே பாமாவின் படைப்பும் சுகிர்தராணியின் கவிதைகளும் 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. பாடநூலிலிருந்தே எடுக்கப்படும் எழுத்தாளர்களுக்கு ஆசிரியர் இருக்கை தானாக வந்து சேராது.

ஆசிரியப் பணியை நாடும் மாணவர்களுக்கு இன்றைய நிலையில் நெட் தேர்வையும் முனைவர் பட்டத்தையும் தவிர்க்கும் வழியில்லை. நாவலை எழுதிக்கொண்டே ஆய்விதழ்க் கட்டுரைகளையும் சேர்த்துவர வேண்டும். அட்டவணை மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே. இறுதித் தேர்வு நேர்காணலை மட்டுமே கொண்டது என்று அந்த விதிமுறையே சொல்கிறது. 'தகுதியானவர் எவருமில்லை' என்ற ஒற்றை வரி பிறப்பதும் அந்த அறையில்தான். ஆகவே, உங்கள் பல்கலைக்கழகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இவற்றைக் கேளுங்கள்: மொழித்துறைகளின் இனச்சுழற்சிப் பதிவேடு, கடைசி மூன்று நியமனங்களின் நேர்காணல் மதிப்பெண்கள், 2022க்குப் பின் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' ஆக நியமிக்கப்பட்டோரில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர். 30 நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். வரும் பதில்களை ஒன்றுசேர்த்த பிறகே நீதிமன்றம் செல்ல முடியும்.