மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பாருங்களேன்

போன வாரம் ஒரு பழைய நண்பர், என்னைவிட நாலு வயது மூத்த ஹாம், தன் கென்வுட் டிஎஸ்-440 செட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். "தம்பி, இதோட கதை முடிஞ்சுதாம்" என்றார். குரலே சரியில்லை. மனைவி போன பிறகு ராத்திரியில் அவருக்குப் பேச்சுத்துணை அந்தச் செட்தான்.

நடந்தது இதுதான். டிஸ்பிளேயில் எண்கள் மறைந்து வெறும் புள்ளிகள் வந்திருக்கின்றன. சர்வீஸுக்குக் கொடுத்தார். அங்கே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை வரிசையாகப் பிடுங்கிவிட்டு, முப்பதுக்கும் மேல் புதுசு போட்டிருக்கிறார்கள். புள்ளி போகவில்லை. "போர்டு போயிடுச்சு சார், இனிமே கிடைக்காது" என்று பில்லோடு அனுப்பிவிட்டார்கள்.

பிஎல்எல் சுற்று அலைவரிசையைப் பிடித்து நிறுத்த முடியாமல் திணறுகிறது என்று செட்டே சொல்வதுதான் அந்தப் புள்ளிகள். இந்த மாடலில் அதற்குப் பேர்போன காரணம் ஒன்று உண்டு. விசிஓ பெட்டிக்குள் பாகங்கள் அசையாமலிருக்க ஊற்றிய பசை, வருஷக்கணக்கில் ஈரத்தை இழுத்து, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். நம் கடற்கரைக் காற்றுக்குக் கேட்க வேண்டுமா? இளஞ்சூடு காட்டி, பல்குச்சியால் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. எண்கள் திரும்பி வந்தன. பாகச் செலவு பூஜ்யம்.

எனக்குக் கோபம் அதில்கூட இல்லை. கழற்றிய கெப்பாசிட்டர்களைப் பையில் போட்டுத் தந்திருந்தார்கள் (அந்த நேர்மைக்கு நன்றி). ஒவ்வொன்றாக ஈஎஸ்ஆர் மீட்டரில் வைத்தேன். மூன்றுதான் கெட்டவை! சாதாரண மல்டிமீட்டரில் 100 மைக்ரோஃபாரட் சரியாகவே காட்டும்; உள்ளே திரவம் காய்ந்து, 1 ஓமுக்குள் இருக்க வேண்டிய உள்தடை 10, 15 ஓம் ஏறியிருக்கும். ஈஎஸ்ஆர் மீட்டர் மிகக் குறைந்த வோல்டேஜில் அளப்பதால் டயோடு, டிரான்சிஸ்டர் குறுக்கிடாது. பெரும்பாலும் போர்டிலேயே வைத்துப் பார்த்துவிடலாம், ஒன்றுக்கு அரை நிமிஷம். அதைச் செய்யாமல் பிடுங்கியதில் இரண்டு இடத்தில் செப்புத்தடம் உரிந்து, கம்பி போட்டு ஒட்டியிருந்தது.

"பழைய கெப்பாசிட்டர்னா கண்ணை மூடிக்கிட்டு மாத்திடணும்" என்பது இப்போது ஒரு வேதவாக்காகிவிட்டது. யார் சொன்னது? நல்ல பாகத்தைக் கழற்றி, எங்கே செய்ததென்று தெரியாத ஒன்றைப் போடுவது எப்படிப் பராமரிப்பாகும்? பவர் டிரான்சிஸ்டர் விஷயம் இன்னும் மோசம். 2எஸ்சி2879 தயாரிப்பே நின்றுபோய், சந்தையில் போலிகள் மண்டிக் கிடக்கின்றன. 50 ஓம் டம்மி லோடில் மாட்டி, டிரைவ் வருகிறதா, பயாஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் அசலைக் கழற்றினால், அதே மாதிரி இன்னொன்று எங்கே கிடைக்கும்?

நம்மேலும் தப்பு இருக்கிறது. "செக் பண்ண ஐந்நூறு ரூபாய்" என்றால் முகம் சுளிக்கிறோம். பாகம் மாற்றியதாக நாலாயிரத்துக்குப் பில் நீட்டினால் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். பிறகு அந்தப் பையன் எதற்காக உட்கார்ந்து அளப்பான்?

நண்பர் நேற்று ராத்திரி 40 மீட்டரில் வந்தார். கொஞ்சம் ஹம் இருக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னாராம். நாளைக்குச் செட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.