அணிலை விடுவோம், ஓட்டையை அடைப்போம்

 

பதிவு கொஞ்சம் நீளம். மாரி தொடங்க முன் ஒருமுறை பொறுமையாக வாசித்துவிட்டு, வீட்டில் கூரை வேலை பார்ப்பவரிடமும் காட்டிவிடுங்கள்.

விஷயம் அணில். சிரிக்க வேண்டாம். மாமரத்தில் ஓடும்போது அது எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. அணில் கொந்திய பழம்தான் இனிக்கும் என்று பிள்ளைகள் அடிபடுவார்கள். அதே அணில் ஓட்டுக்குள் புகுந்து சீலிங்குக்கு மேல் குடும்பம் நடத்தத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்டோம், உங்கள் வீட்டு முகட்டில் அணில் இருக்கிறதா என்று. பல கைகள் எழுந்தன. வீட்டில் என்ன செய்தார்கள் என்று அடுத்துக் கேட்டோம். மூன்று விதமான பதில் வந்தது. எலி மருந்து வைத்தார்கள். ஓட்டைக் கழற்றிவிட்டு சீற் போடப் போகிறார்கள். பக்கத்து வளவு மரத்தால் சண்டை.

இந்த மூன்றும் வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. முகட்டில் ஓட்டை இருப்பதால்தான் அணில் வருகிறது. ஓட்டையை அடைக்காமல் அணிலோடு மல்லுக்கு நின்றால், அணிலை ஏறவிட்ட நாய்போலப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலில் மேலே ஓடுவது அணில்தானா என்று பாருங்கள். அணில் பகலில் திரிந்து இரவில் கூட்டுக்குள் படுக்கும் பிராணி. விடியற்காலையிலும் பின்னேரத்திலும் சரசரப்பு, கூடவே கீச்சுக் கீச்சென்ற சத்தம் என்றால் அணில். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டம் கேட்டால் எலி. பாரமான நடை கேட்டால் மரநாயாக இருக்கலாம். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் எலிக்குச் செய்வது வேறு, அணிலுக்குச் செய்வது வேறு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனபிறகு, கூரையில் எது அசைந்தாலும் மருந்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. பயம் நியாயமானதுதான். ஆனால் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் மூத்திரம் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து வருவது. வயலுக்குள் வெறுங்காலோடு இறங்குபவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். முகட்டு அணிலுக்கு நஞ்சு வைப்பதால் அது குறையப்போவதில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடத்தில், நாடு முழுக்கப் பயிரழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுத்தது நினைவிருக்கும். குரங்கு, மயிலோடு அந்தப் பட்டியலில் இருந்தது மர அணில். தென்னந்தோட்டக்காரர்களைப் படுத்தும் பெரிய இனம் அது. நம் வீட்டுக்குள் வருவது முதுகில் கோடு போட்ட சின்ன அணில். நூறு கிராம் அளவுதான் நிறை. அரசாங்கமே எதிரி என்று சொல்லிவிட்டது என்று இதன்மேல் பழி போட வேண்டாம். பழத்தோடு பூச்சியையும் தின்கிறது, பூவில் தேன் குடிக்கிறது. வளவில் அது ஓடித் திரிவதால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஆனால் முகட்டுக்குள் நட்டம் உண்டு. அணிலின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்ப்பதற்கு எதையாவது கொறித்தே ஆகவேண்டும். மரம், பிளாஸ்டிக், வயரின் மேலுறை எதையும் விடாது. கூட்டுக்குத் தும்பு, பஞ்சு, காய்ந்த புல், பழந்துணி என்று இழுத்து வந்து குவிக்கும். உறை உரிந்த வயருக்குப் பக்கத்தில் காய்ந்த தும்புக் குவியல் கிடந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது கரண்ட் நிலத்துக்கு ஒழுகினால் விழும். இரண்டு வயருக்கு நடுவில் பொறி பறப்பதை அது கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்றால் முகட்டில் ஏறிப் பார்க்கச் சொல்லும் அறிகுறி அது. விழாதபடி கட்டிவைப்பது கண்ணை மூடிக்கொண்டு நெருப்போடு படுப்பதற்குச் சமம்.

இனி அந்த மூன்று பதில்களுக்கு வருவோம்.

எலி மருந்து. கடையில் கிடைக்கும் கட்டிகளில் பல, தின்ற பிராணியைச் சில நாள் கழித்துத்தான் கொல்லும். அது வெளியே போய்ச் சாகும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. சீலிங்குக்கு மேல் கைக்கு எட்டாத மூலையில் செத்தால் வீட்டில் இருக்க ஏலாது. கீழே விழுந்தால் பூனை தின்னும், கோழி கொத்தும், தவழும் பிள்ளையின் கைக்கும் எட்டும். பூச்சி உருண்டையைக் கிள்ளி முகட்டில் போடுவதும் நல்லதல்ல. அந்த நஃப்தலீன் ஆவி சீலிங் இடுக்கால் அறைக்குள் இறங்கும். கைக்குழந்தைகளுக்கும், பிறவியிலேயே சில இரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. சத்தம் எழுப்பி விரட்டும் மின்கருவி என்று விற்பதை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அமெரிக்காவில் 2001லேயே, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதே என்று அறுபதுக்கு மேற்பட்ட கம்பனிகளுக்கு அரசு நிறுவனமே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

ஓட்டைக் கழற்றி சீற் போடுவது. இதுதான் எங்களுக்கு மனம் பொறுக்காத விஷயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர். திரும்பி வந்தபோது கூரையோடு நின்ற வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இங்கே இருந்து இடம்பெயர்ந்து வந்த தமிழ்ச் சனத்துக்கும் அதே கதிதான். ஓடும் கைமரமும் கதவு நிலையும் போய்ச் சுவர் மட்டும் நின்ற வளவுகளை எல்லோரும் கண்டோம். அப்படியும் தப்பி நிற்கும் பனைமரக் கைமரம், பனஞ்சிலாகை போட்ட வீடுகளை ஒரு அணிலுக்காகவா பிரிப்பது? முற்றின பனை இரும்பு மாதிரி. இன்று அந்தத் தரத்தில் வாங்கப் போனால் விலை தெரியும்.

பழைய வீடு என்றால் அது மட்டும் இல்லை. 2012க்குப் பிறகு, ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவியோடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளுக்கும் இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அவற்றில் முகட்டோட்டுச் சாந்து வெடித்துவிட்டது. பிறகு கைக்காசில் சீலிங் அடித்தவர்கள், அணிலுக்கு மெத்தை போட்ட அறை கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சீற் போட்டால் அணில் வராது என்பதும் உண்மையில்லை. சீற்றின் நெளிவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஓட்டில் இருப்பதைப் போலத்தான். வெக்கை கூடும், அணிலும் இருக்கும். அஸ்பெஸ்ரஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசுதான் பெரிய ஆபத்து. நல்ல ஓட்டைக் கழற்றிவிட்டு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

சரி, என்னதான் செய்வது? ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு மூன்று நாள் வேலை. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் வழியைத் துண்டியுங்கள். கூரையிலிருந்து ஆறு எட்டு அடி தள்ளி நிற்கும்படி கொப்புகளை வெட்டுங்கள். தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்போமே, அதே வேலையைக் கூரையோடு ஒட்டி நிற்கும் மரங்களுக்கும் செய்யலாம். இரண்டடி அகலத் தகரப் பட்டை போதும். உடுப்புக் கொடியும் கேபிள் வயரும்கூட அணிலுக்குப் பாலம்தான். கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டுங்கள்.

அடுத்தது சாப்பாடு. காலபோக அறுவடை முடிந்ததும் நெல் மூட்டை, நிலக்கடலை எல்லாம் பரணில் ஏறிவிடும். மூடியுள்ள பீப்பாய்க்கு மாற்றுங்கள். கோழித்தீனியை இரவில் வெளியே விடாதீர்கள்.

பிறகுதான் ஓட்டைகள். பட்டப்பகலில் ஒருவர் முகட்டுக்குள் போய் உள்ளே இருட்டாக்கிப் பார்த்தால், வெளிச்சம் விழும் இடமெல்லாம் தெரியும். சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டின் கடைசி வரிசையில் உள்ள நெளிவு, முகட்டோட்டுச் சாந்து வெடிப்பு, கைமரம் சுவரில் உட்காரும் இடம், வயர் நுழையும் துளை. இந்த நான்கிலும்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டு விரல் நுழையும் இடைவெளியே அணிலுக்குத் தாராளம். துணி, பேப்பர், ரெஜிபோம் அடைத்தால் அதையே கூட்டுக்கு எடுத்துக்கொள்ளும். சாந்து பூசக்கூடிய இடத்தில் சாந்து. மற்ற இடத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள கனத்த கம்பி வலையை ஆணியடித்து இறுக்குங்கள். கோழிக்கூட்டு வலையின் கண் பெரிது, உதவாது. காற்றோட்டம் முழுக்க நிற்கக் கூடாது என்பதால் வலைதான் நல்லது. காற்றில்லாத முகட்டில் மரம் உக்கும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். அடைப்பதற்கு முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி. கண் திறக்காமல் பிறக்கும். தாயை விட்டுப் பிரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். தாய் வெளியே போன நேரம் ஓட்டையைப் பூசிவிட்டால் குட்டிகள் உள்ளே பட்டினியில் சாகும். தாய் வெளியே நின்று ஓட்டைப் பிறாண்டும், புதிதாகக் கடித்து வழி எடுக்கும். நாற்றம், நட்டம், பாவம் மூன்றும் நமக்கு. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்தபோது, அந்தத் தாய் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. தொல்லையைத் தடுக்க நமக்கு உரிமை உண்டு. வதைக்க உரிமை இல்லை. பக்கத்து இந்து உறவுகளுக்கும், இராமர் பாலத்துக்கு மண் சுமந்த பிராணியை நம் மன்னார்க் கரையில் வைத்துக் கொல்ல மனம் வராது.

ஆகவே குட்டி இருந்தால் அந்த ஒரு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் அடையுங்கள். குட்டிகள் வெளியே ஓடித் திரியத் தொடங்கியதும் கடைசி ஓட்டையில் பேப்பரை லேசாகச் சொருகிவையுங்கள். இரண்டு நாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. பகல் பதினொரு மணிபோல அதையும் அடைத்துவிடுங்கள். இரவில் அடைக்க வேண்டாம், அப்போதுதான் அவை வீட்டுக்குள் படுத்திருக்கும். அதற்குப்பின் மெயின் சுவிட்சை நிறுத்தி, பழைய கூட்டைக் கையுறையோடு அள்ளி, வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு எல்லா வயரையும் பார்ப்பியுங்கள். கடிபட்டதை டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றி, பிவிசி குழாய்க்குள் விடுங்கள். யாரையாவது அணில் கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

பிடித்துக்கொண்டுபோய் கட்டுக்கரைக் குளக்கரையில் விடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டை இருக்கும்வரை அடுத்த அணில் வரும். ஓட்டையை அடைத்தால் பிடிக்கவே தேவையில்லை.

கடைசியாகச் சண்டை. கொப்பு பக்கத்து வளவு மரத்தினுடையது என்றால், கத்தியோடு மதிலில் ஏறாமல் படலையைத் தட்டுங்கள். "அண்ணை, இந்தக் கொப்பு எங்கட ஓட்டில முட்டுது, வெட்டுவமா?" என்று கேட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? எல்லைக்கல்லுக்கும் உறுதிக்கும் அலைந்து களைத்த ஊர் இது. இருபது வருடம் பிரிந்திருந்து மறுபடி அயலாக வாழப் பழகிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாங்கொப்பு அதைக் கெடுக்க விடக் கூடாது. அதோடு, ஒரு வீட்டில் அடைத்தால் அணில் அடுத்த வீட்டுக்குத்தான் போகும். நாலு வீடு சேர்ந்து ஒரே கிழமையில் ஒரு மேசனையும் ஒரு வயரிங்காரரையும் பிடித்தால் கூலியும் குறையும், வேலையும் நிற்கும். வலையைச் சுருளாக வாங்கிப் பங்கு போடலாம்.

வயது போனவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நம் ஊரில் கொஞ்சமல்ல. அவர்களால் முகட்டில் ஏற முடியாது. பள்ளிவாசல் இளைஞர்களும், கோயில், தேவாலயப் பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் அந்த வீடுகளை முதலில் முடித்துவிடலாம். ஐப்பசி மழை இறங்கினால் ஓட்டில் கால் வைக்க முடியாது. புரட்டாதிக்குள் செய்ய வேண்டிய வேலை இது.

இந்தக் கிழமையே ஒரு ஏணியும் ஒரு டோர்ச்சும் எடுத்து உங்கள் முகட்டைப் பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள்.