தண்டவாளம் யாருக்காக?

“இருப்புப்பாதை வந்தால் ஊர் வாழும்” என்பது நம் நாட்டு அரசியல் மேடைகளில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் மந்திரம். மந்திரத்தை ஓதுகிறவர் அதன் பொருளை விளக்குவதில்லை. கேட்கிறவரும் விளக்கம் கேட்பதில்லை. எந்த ஊர் வாழும்? அந்த ஊரிலே யார் வாழ்வார்? நிலையத்துக்கு எதிரே பல ஏக்கர் காணியை வளைத்து வைத்திருப்பவரா, அக்காணியின் ஓரத்தில் வாடகைக்குப் பெட்டிக்கடை நடத்துபவரா? இந்தக் கேள்விகளைக் கேளாமல் ‘அபிவிருத்தி’ என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் போர்த்தி மூடுவது அறிவுடைமையன்று. பல வேளைகளில் அது நேர்மையும் அன்று.

மட்டக்களப்போடு முடிந்துபோகும் புகையிரதப் பாதையைக் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில்வரை நீட்ட வேண்டும் என்னும் கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றது. தலைநகரிலோ, கோட்டையிலிருந்து மாலபேவரை இலகு ரயில் பாதை அமைக்கும் திட்டத்துக்கு 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2020 செப்டெம்பரில் ஆட்சியாளர் அதனைக் கைவிட்டனர். இவ்விரண்டையும் பற்றி எழும் வாதங்களில் செலவு பேசப்படுகிறது, வட்டி பேசப்படுகிறது, வேகம் பேசப்படுகிறது. பாதையோரத்தில் வாழும் மக்கள் மட்டும் பேசப்படுவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு வாழைச்சேனையைவிடப் பொருத்தமான இடம் நமக்கு வேறில்லை. தண்டவாளம் ஓர் ஊருக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை இந்த ஊர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பட்டறிந்திருக்கிறது.

இலங்கையின் இருப்புப்பாதை மக்களை நினைத்துப் பிறந்ததன்று. அது 1867இல் கண்டியைச் சென்றடைந்தது கோப்பித் தோட்டத் துரைமாரின் மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. மட்டக்களப்புக்கு அது வந்து சேர்ந்தது மிகப் பிந்தி, 1928இல். ஓட்டமாவடியில் வாவியைக் கடக்க அமைத்த இரும்புப் பாலத்தில் புகையிரதமும் தெருவண்டியும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொண்டன. புகையிரதம் வரும்போது தெரு காத்து நிற்கும். வாகனங்களுக்கென்று பக்கத்தில் தனிப்பாலம் எழும்வரை, பல பத்தாண்டுகள், கிழக்கின் போக்குவரத்து அப்படியே காத்துக் கிடந்தது. கிழக்குக்கு எவ்வளவு செலவழித்தால் போதும் என்று ஆட்சியாளர் கருதினர் என்பதற்கு அந்த ஒற்றைப் பாலமே சான்று.

பாதை வந்தவுடன் வாழைச்சேனை நகரமாகிவிட்டதா? இல்லை. 1928க்குப் பிறகும் அது வேளாண்மையும் மீன்பிடியும் சிறு வணிகமும் கொண்ட வாவிக்கரை ஊராகவே நீண்ட காலம் இருந்தது. அதனை மாற்றியது காகித ஆலை. சுதந்திரத்துக்குப் பின் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இந்த ஆலை 1956இல் இயங்கத் தொடங்கியது. சூடடித்த களத்திலே எரிந்து சாம்பலாகும் வைக்கோலுக்கு அன்று ஒரு விலை பிறந்தது. இலுக்குப் புல்லும் பொருளாயிற்று. காகிதம் ஆக்க வேண்டிய காரச்சோடாவும் குளோரினும் பரந்தனில் உற்பத்தியாயின. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பலரும் ஆலையில் வேலை பெற்றனர். சம்பள நாள் என்ற ஒன்று ஊருக்குள் வந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித் தேநீர்க்கடையும் துணிக்கடையும் சைக்கிள் திருத்துமிடமும் வந்தன. ஊர்ப் பிள்ளைகள் எழுதும் தாள் ஊரிலேயே பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டவாளம் 1928இலும் இருந்தது, 1956இலும் இருந்தது. வேறுபாடு தண்டவாளத்தில் இல்லை; ஏற்றி அனுப்புவதற்கு ஊரிடம் ஒரு பொருள் இருந்ததிலும், அந்தப் பொருளை ஆக்கும் ஆலை பொதுவுடைமையாக இருந்ததிலுமே வேறுபாடு இருந்தது.

மறுபக்கத்தையும் நோக்குவோம். போர் வந்தது, புகையிரதம் நின்றது, ஆலை தளர்ந்தது. பின்னர் பாதை செப்பனிடப்பட்டது, வண்டியும் மீண்டும் ஓடியது. ஆலையோ பலமுறை மூடப்பட்டு, மீளத் திறக்கும் முயற்சிகள் பழைய அளவின் சிறு பகுதியையே எட்டின. உதயதேவி வாழைச்சேனை நிலையத்தில் நின்று செல்கிறது. இறங்குவோர் இறங்குகின்றனர், வேலை தேடிக் கொழும்புக்கு ஏறுவோர் ஏறுகின்றனர். வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகள் இறக்கும் மீனோ லொறியில் போகிறது. நாடெங்கும் இதுவே நிலை: இலங்கையில் சரக்குப் போக்குவரத்தின் மிகச் சிறிய பங்கே இன்று புகையிரதத்துக்கு உரியது. பொருளை ஏற்றாத பாதை ஊரின் உழைப்பாளரை மட்டும் ஏற்றிச் செல்லும். ஊரின் இளமையை வெளியே அள்ளிச் செல்லும் குழாயை அபிவிருத்தி என்று அழைக்க நாம் ஆயத்தமில்லை.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. வாழைச்சேனைக்கு அடுத்த கல்குடாவிலும் ஒரு நிலையம் உண்டு. அதன் அயலில் உள்ள பாசிக்குடாக் கரையில், போர் முடிந்த பின் பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தன. நல்ல தெருவும் வந்தது, வெளிநாட்டுப் பயணியும் வந்தார். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தோணி ஏற்றிய மீனவர் கரையின் ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளப்பட்டனர். போக்குவரத்து வசதி பெருகும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். ஏறும் விலையை அறுவடை செய்பவர் அந்நிலத்தில் உழைத்தவர் அல்லர், அதை முன்கூட்டியே வாங்கி வைத்தவர். இந்த விதிக்குப் பாசிக்குடாவும் விலக்கன்று, கொழும்பும் விலக்கன்று, உலகின் எந்தச் செல்வ நகரமும் விலக்கன்று.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவை எடுத்துக்கொள்வோம். அங்கே எக்லிங்டன் வீதியில் இலகு ரயில் அமைக்கும் வேலை 2011இல் தொடங்கியது. பத்தாண்டுக்கு மேலும் முடியாமல் இழுபட்டது. அவ்வீதியின் மேற்குப் பகுதியில் கரிபியத் தீவுகளிலிருந்து குடியேறிய மக்கள் தங்கள் முடிதிருத்தும் கடைகளையும் உணவுக் கடைகளையும் இசைத்தட்டுக் கடைகளையும் கொண்டு ஒரு பேட்டையை உருவாக்கியிருந்தனர். ‘லிட்டில் ஜமேக்கா’ என்பது அதன் பெயர். தெரு தோண்டப்பட்டது. கடைமுன் தடுப்பு எழுந்தது. வாடிக்கையாளர் வேறு தெருவுக்குப் பழகிவிட்டனர். கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அரசின் உதவித்தொகை பின்னால் வந்தது. பூட்டிய கடைக்கு அதனால் என்ன பயன்? பாதை முடியும் காலத்தில் நிலையத்தருகே மாடிவீடுகள் எழும்; வாடகை ஏறும்; தடுப்புகளுக்குப் பின்னே பொறுத்திருந்த கடைக்காரர் அந்த வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியேறுவார். சிறு வணிகருக்கு அடி இருமுறை விழுகிறது: வேலை நடக்கும்போது வருமானம் போகிறது, வேலை முடிந்தபின் இடமே போகிறது.

இதைச் சொன்னால் நம்மை ‘முன்னேற்றத்தின் பகைவர்’ என்று தூற்ற ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்கு நாம் தெளிவாகவே கூறுகிறோம்: இருப்புப்பாதையை நாம் வேண்டுகிறோம். காரும் நெடுஞ்சாலையும் பணம் படைத்தவரின் போக்குவரத்து; ஏழை மாணவரும் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் முதியவரும் குறைந்த கட்டணத்தில் ஏறக்கூடிய வண்டி புகையிரதமே. கொழும்பின் இலகு ரயிலைக் கைவிட்டவர்கள் செலவு மிகுதி என்றனர். 0.1 வீத வட்டியில், நாற்பது ஆண்டுத் தவணையில் கிடைத்த கடனைச் செலவு என்று தள்ளியவர்களே, அதனினும் கூடிய வட்டிக்குக் கடன் வாங்கி நெடுஞ்சாலை அமைத்த ஆட்சிமரபின் வாரிசுகள் அல்லரா? இராஜகிரியவிலும் பத்தரமுல்லையிலும் பேருந்துக்குள் மணிக்கணக்காக நசுங்குகின்ற சிற்றூழியருக்கு அந்த முடிவு இழைத்தது அநீதியே.

ஆயினும் அத்திட்டத்தை ஆதரித்தவர்களும் ஒன்றை மறைத்தனர். நிலையங்களைச் சுற்றி ஏறப்போகும் நிலமதிப்பு யாரைச் சேரும் என்பதை அவர்கள் பேசவில்லை. கொம்பனித்தெருவின் பழங்குடிமக்கள் ‘நகரப் புத்துயிர்ப்பு’ என்ற பெயரால் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டதையும், அவர்களின் நிலத்தில் வானளாவிய வணிகக் கட்டடங்கள் எழுந்ததையும் கண்ட பிறகும் இக்கேள்வியை எழுப்பாதவர் கண்ணிருந்தும் காணாதவரே.

நிலமதிப்பைப் பொதுவுக்கு மீட்பது நடக்காத காரியமா? முதலாளித்துவத்தின் கோட்டையாகிய ஹொங்கொங்கிலேயே, அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் புகையிரத நிறுவனம் நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடங்களை எழுப்பி, அந்த வருமானத்தைப் பாதைக்குப் பயன்படுத்துகிறது. அங்கே அது நிறுவனத்தின் இலாபக் கணக்கு. அதே வழியை மக்கள் நலனுக்காகப் பயன்படுத்தலாகாது என்று எந்தப் பொருளியல் நூல் விதித்திருக்கிறது?

இனிப் பொத்துவில் பாதைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில்வரை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என ஊர்கள் நெருங்கி நிற்கும் கரை அது. கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் வீடும் பள்ளியும் கோவிலும் சந்தையும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பாதை எந்தத் தடத்தில் போகும்? கரையோரமாகவா? 2004இன் ஆழிப்பேரலையில் வீடிழந்து, மறுபடி கட்டிக் குடியேறியவர்கள் அங்கேதான் இருக்கின்றனர். வயலூடாகவா? அணைபோல் உயரும் பாதைக்குப் போதிய மதகுகள் வைக்காவிட்டால், மாரி வெள்ளம் வழியின்றித் தேங்கி வேளாண்மையை அழுகச் செய்யும்.

காணிக்கு நட்டஈடு உண்டே என்பர். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் காணிமேல் உரிமையை எண்பிப்பவருக்கு வழிகாட்டுகிறது. உறுதி இல்லாமல் உத்தரவுப் பத்திரத்தோடு வாழ்பவர் எத்தனை பேர்! இடப்பெயர்வில் பத்திரத்தையும் தொலைத்தவர் எத்தனை பேர்! பிறர் காணியில் கடை நடத்துபவருக்கு, அக்கடையின் திண்ணையில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்ணுக்கு, சந்தை வாசலில் சாக்கு விரித்து மரக்கறி விற்பவருக்கு எந்த ஏட்டில் பெயர் இருக்கிறது? மருதமுனைத் தறிகாரர் நெய்யும் சாரம் அந்த வண்டியில் ஏறிக் கொழும்புச் சந்தைக்குப் போகுமா, அல்லது கொழும்பின் ஆலைத்துணி அந்த வண்டியில் வந்திறங்கி அவரின் தறியை நிறுத்துமா? பாதை இருபக்கமும் ஓடும் என்பதை மறந்துவிடலாகாது. வலியவனின் சரக்கு முதலில் வந்துசேரும்.

“நிபந்தனை விதித்தால் திட்டமே வராது, கிடைப்பதைப் பெற்றுக்கொள்வோம்” என்று சில நண்பர்கள் கூறுகின்றனர். நெடுநாள் புறக்கணிக்கப்பட்ட மக்களின் களைப்பிலிருந்து பிறக்கும் சொல் அது. அதனை நாம் இகழவில்லை. ஆனால் ஏற்கவும் முடியாது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில், குடியேறிய ஏழைகள் மிகுந்த ரெய்னியர் பள்ளத்தாக்கின் ஊடாக இலகு ரயில் போட முனைந்தபோது மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அதன் விளைவாக, பாதையோர வணிகருக்கும் அப்பகுதியின் வளர்ச்சிக்கும் 5 கோடி டொலர் நிதி ஒதுக்கப்பட்டது. 2009இல் பாதையும் திறக்கப்பட்டது. நிபந்தனை திட்டத்தைக் கொன்றுவிடவில்லை. எல்லாக் கடைகளும் தப்பிவிட்டன என்று நாம் சொல்லவில்லை. கேட்காத மக்களுக்கு அந்த நிதியும் கிடைத்திராது என்பதையே சொல்கிறோம்.

எனவே நாம் கேட்பவை இவை. நிலையங்களைச் சூழ்ந்த காணி, அளவை தொடங்குமுன்னரே விற்பனைக்கு மூடப்பட்டுப் பொதுக் கையில் நிற்க வேண்டும். அங்கே எழும் கடைகள் பிரதேச சபையின் உடைமையாகி, அவ்வூர் வணிகருக்குக் கட்டுப்படுத்திய வாடகையில் முதலில் வழங்கப்பட வேண்டும். உறுதியுள்ளவருக்கு மட்டுமன்றி, வாடகைக் கடைக்காரருக்கும் அங்காடி வியாபாரிக்கும், வேலை நடக்கும் காலத்திலேயே, மாதந்தோறும் இழப்பீடு கிடைக்க வேண்டும். பயணிகள் வண்டியோடு சரக்கு வண்டியும், மீனுக்குக் குளிரூட்டிய பெட்டியும், நெல்லுக்கும் துணிக்கும் களஞ்சியமும் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். வாழைச்சேனை ஆலைக்கு முழுமையான புத்துயிர் அளிப்பது இத்திட்டத்தின் பகுதியாக வேண்டும். வேலை தராத ஊரில் நிலையம் வழியனுப்பும் மண்டபமாகவே மிஞ்சும். பாதையின் தடம், மதகு, கடவை யாவும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட்டு, ஊர்ச்சபைகளில் கேள்விக்கு உட்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் அமைச்சரின் மேசையில் தாமாக முளைக்கப் போவதில்லை. இங்கேதான் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பணி உண்டு. அளவைக்காரரின் சங்கிலி வருமுன் நம் கையில் கணக்கு இருக்கட்டும். ஒவ்வொரு கடைத்தெருவிலும் யார் கடை நடத்துகிறார், எத்தனை ஆண்டாக, யாருக்கு வாடகை செலுத்துகிறார், அவரை நம்பி எத்தனை வயிறு என்று ஒரு பள்ளி மாணவர் குழு ஒரு விடுமுறைக்குள் எழுதி முடிக்கலாம். தமிழ்க் கடையும் முஸ்லிம் கடையும் அந்த ஏட்டில் அடுத்தடுத்த வரிகளாக வரட்டும். நம்மைப் பிரித்தாளும் வேலை அங்கேயே பாதி தோற்றுவிடும். ஏட்டில் பெயரில்லாதவரை அகற்றுவது அதிகாரிக்கு எளிது. பெயரும் கணக்கும் சாட்சியும் உள்ள ஒரு தெருவை அகற்றுவது எளிதன்று.

தண்டவாளம் வரட்டும். அது வந்துசேரும்போது, அதன் இருமருங்கிலும் இன்று இருக்கும் மக்களே அங்கு இருக்க வேண்டும்.