கடை விலையும் கைபேசி விலையும்

வண்ண மீன் விற்கும் கடைகளில் இப்போது ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் வடிகட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். எத்தனை லிட்டர் தொட்டிக்கு அது பொருந்தும், எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும், கப்பி மீனின் குஞ்சுகளை அது உறிஞ்சிவிடாதா என்றெல்லாம் கடைக்காரரிடம் பத்து நிமிடம் விசாரிக்கிறார். பிறகு கைபேசியை எடுத்து அதே வடிகட்டியின் விலையைத் தேடுகிறார். அங்கே இருநூறு ரூபாய் குறைவு. வடிகட்டி அலமாரிக்குத் திரும்புகிறது. அவர் வீட்டுக்குத் திரும்பி இணையத்தில் பதிவு செய்துகொள்கிறார். இதில் சட்டப்படி குற்றமேதும் இல்லை. தம் பணத்தை எங்கே செலவிடுவது என்பது அவரவர் உரிமை. ஆயினும் அந்த இருநூறு ரூபாய் உண்மையிலேயே மிச்சம்தானா என்பதைச் சற்று நிதானமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குரிய உயிரற்ற பொருள்களை இணையத்தில் வாங்குவதில் பெரும்பாலும் ஆதாயம் உண்டு. உயிருள்ள மீனை அவ்வாறு வாங்குவதில் பெரும்பாலும் இல்லை. ஆனால் முன்னதை முழுவதுமாக இணையத்துக்குக் கொண்டுபோய்விட்டால், பின்னதை விற்பதற்கு நம் தெருவில் கடையே இராது.

முதலில் இணையத்தின் பக்கமுள்ள நியாயத்தைப் பார்ப்போம். வடிகட்டி, விளக்கு, வெப்பமானி, ஹீட்டர், நீர்ப் பரிசோதனைச் சாதனம் ஆகியவை எங்கே வாங்கினாலும் ஒன்றே. பெருநகரக் கிடங்கிலிருந்து நாடு முழுவதும் அனுப்பும் விற்பனையாளருக்குக் கடைத்தெரு வாடகை இல்லை. மொத்தக் கொள்முதலின் அனுகூலமும் உண்டு. சிறு கடைக்காரர் அந்த விலைக்கு இறங்க முடியாதது அவருடைய பேராசையால் அன்று. பல சிறு கடைகளில் கிடைப்பவை பெயரற்ற, உத்தரவாதச் சீட்டு இல்லாத ஹீட்டர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. வெப்பம் குறித்த அளவில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் தொட்டி முழுவதும் ஒரே இரவில் அழியும். இத்தகைய பொருளுக்கு, எங்கே கிடைத்தாலும், பெயருள்ள தயாரிப்பையும் உத்தரவாதத்தையும் தேடுவதே சிக்கனம்.

தீனியிலும் அப்படியே. பெரிய மூட்டையைப் பிரித்துச் சிறு பாலிதீன் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மீன் தீனியில் தயாரித்த நாளும் இராது, காலாவதி நாளும் இராது. காற்றுப் பட்டுக் கிடக்கும் தீனியில் வைட்டமின் சத்து குறைந்துகொண்டே போகும். முத்திரையிட்ட டப்பாவை இணையத்தில் வாங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திரையில் பளிச்சிடும் 'அறுபது சதவீதத் தள்ளுபடி'யை மட்டும் நம்ப வேண்டாம். தள்ளுபடி கணக்கிடப்படுவது அட்டையில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலையிலிருந்து. அது உச்ச வரம்பேயன்றி எங்கும் நடப்பிலுள்ள விலை அன்று. அனுப்பும் கட்டணமும் சேர்ந்த இறுதித் தொகையைக் கடை விலையோடு ஒப்பிடுவதே முறை.

கண்ணாடித் தொட்டிக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட இரண்டடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் அதன் எடை ஏறத்தாழ 9 கிலோ. உடையாமல் அனுப்பச் சுற்றிலும் பஞ்சணை வைத்தால் பெட்டி 70, 40, 40 சென்டிமீட்டராக வளரும். பெட்டியின் மூன்று அளவுகளையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதை எடையாகக் கொள்வது கூரியர் தொழிலில் பரவலான வழக்கம்; உண்மை எடையைவிட அது அதிகமானால் அதற்கே கட்டணம். இந்தப் பெட்டிக்கு அது 22 கிலோவுக்கும் மேல் வருகிறது. அதாவது 9 கிலோ கண்ணாடிக்கும் 13 கிலோ காற்றுக்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்துகிறோம். அனுப்புவது இலவசம் என்று விளம்பரம் சொன்னாலும் அந்தத் தொகை விலைக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். நம் ஊரில் கண்ணாடி வெட்டிச் சிலிக்கான் பசை வைத்துத் தொட்டி செய்பவர், நம் மேசையின் அளவுக்கே செய்து தருவார். மூலையில் கசிந்தால் வந்து சரி செய்தும் கொடுப்பார்.

இனி மீன். இணையத்தில் மீன் விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுள் நேர்மையும் திறமையும் உள்ளவர்கள் பலர். பக்கத்தில் கடையே இல்லாத சிற்றூரில் வாழ்பவருக்கும், அரிய வகையைத் தேடுபவருக்கும் அவர்களே துணை. நீர்த்தாவரங்கள் பயணத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால் மீன் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு.

அனுப்பப்படும் மீனின் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்புவார்கள். பயணத்தில் கழிவு சேராதிருக்க முன்கூட்டியே ஒரு நாளாவது தீனியை நிறுத்திவிடுவார்கள். அப்படியும் மீனின் செவுள்களிலிருந்து அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரை அமிலத் தன்மையாக்குவதால், அந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, அமிலத் தன்மை குறைகிறது, அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. 30 மணி நேரம் பயணம் செய்த மீன், வீடு வந்து பையைத் திறந்த பிறகு மடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடையிலிருந்து அரைமணி நேரத்தில் வீடு சேரும் மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயிலும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நீர், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் வைத்திருக்கும். சித்திரை வெயிலில் லாரியின் கூண்டுக்குள் ஒரு நாள் தாமதமாகும் பெட்டியின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

'இறந்து வந்தால் மாற்று மீன்' என்ற உறுதிமொழியைப் பலரும் தருகிறார்கள். அதன் நிபந்தனைகளை வாசிப்பவர் சிலரே. பெட்டியைப் பிரிப்பதை இடையறாத காணொளியாக எடுத்திருக்க வேண்டும், பெட்டி வந்த சில மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பும் கட்டணம் திரும்பாது என்று அவை நீளும். மூன்று நாள் கழித்து இறக்கும் மீனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இராது. ஓர் எடுத்துக்காட்டு: பத்து நியான் டெட்ரா மீன்கள் கடையில் 600 ரூபாய், இணையத்தில் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் கட்டணம் 250 சேர்ந்தால் 650. அவற்றுள் மூன்று முதல் வாரத்தில் இறந்தால், உயிரோடிருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் 93 ரூபாய் கொடுத்திருக்கிறோம். கடை மீனும் இறக்கும் என்பது உண்மையே. ஆனால் கடையில் நாம் பார்த்து எடுக்கலாம். செதிலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி இருக்கிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா என்று கவனிக்கலாம். சிறிது தீனி போடச் சொல்லிப் பார்க்கலாம். மீன் வந்திறங்கி ஒரு வாரமாவது ஆனதா என்று கேட்டு, ஆகியிருந்தால் மட்டும் வாங்கலாம். அந்த ஒரு வாரத்தில் இறக்கும் மீன்களின் நட்டம் கடைக்காரருடையது.

கடை விலையின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. சென்னைக் கொளத்தூரிலோ, கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ மொத்தமாகக் கிடைக்கும் மீனின் விலையைத் தெரிந்துகொண்டவர்கள், 'இரண்டு மடங்கு வைத்து விற்கிறாரே' என்று தங்கள் பகுதிக் கடைக்காரரைக் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வழியில் இறந்தவை, கடையில் இறந்தவை, இரவும் பகலும் ஓடும் காற்றுப் பம்புகளின் மின்கட்டணம், தண்ணீர், தீனி, மருந்து, விடுமுறை நாளிலும் வந்து தொட்டிகளைப் பார்க்க வேண்டிய உழைப்பு ஆகியவை அந்த இரண்டு மடங்குக்குள் அடங்கியிருக்கின்றன. அப்படியும் மீனில் மட்டும் கடை பிழைப்பது அரிது. வடிகட்டியிலும் விளக்கிலும் தீனியிலும் கிடைக்கும் இலாபமே மீன் தொட்டிகளின் வரிசையைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த இலாபம் இணையத்துக்குப் போய்விட்டால் கடைக்காரர் மீன் விலையை உயர்த்துவார், அல்லது வேறு தொழிலுக்குப் போவார். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் சிறு பண்ணைகளுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் தருகிறது. உற்பத்தியின் முனையில் அரசு இவ்வளவு அக்கறை காட்டும்போது, அந்த மீன் வாங்குபவரின் கைக்கு வந்து சேரும் முனையை நாம் கவனிக்காமல் விடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஆகவே கடைக்காரரிடம் விளக்கம் கேட்டுவிட்டு இணையத்தில் வாங்குவதைவிட, கைபேசி காட்டும் விலையை அவரிடமே காட்டி, 'இதற்கு எவ்வளவு பக்கத்தில் வர முடியும்?' என்று கேட்பது நாகரிகம். பலர் இறங்கி வருவார்கள். முழுவதும் இறங்காவிட்டாலும், எஞ்சும் ஐம்பதோ நூறோ நாம் கேட்ட பத்து நிமிட ஆலோசனைக்கான கூலி என்று கொள்ளலாம். வெண்புள்ளி நோய் கண்ட இரவில் மருந்து வேண்டுமானாலும், பம்பின் ரப்பர் கிழிந்து காற்று நின்றுபோனாலும் நாம் ஓடிப் போய்க் கதவைத் தட்டுவது அவரிடம்தான். நான்கு நாளில் வந்து சேரும் மருந்தால் அப்போது பயனில்லை.

கடைக்காரர்களும் மாற வேண்டும். தொட்டிகளில் விலைப்பட்டியல் இல்லாமல் ஆளைப் பார்த்து விலை சொல்வதும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பதும் வாடிக்கையாளரை இணையத்தை நோக்கித் தள்ளுகின்றன. விரல் நீளத்தில் அழகாக இருக்கும் செவ்வால் கெளிறு வளர்ந்தால் மூன்றடிக்கும் மேல் நீளும் என்பதைச் சொல்லாமல் இரண்டடித் தொட்டிக்கு விற்பவர் செய்வது வியாபாரமே அன்று. அத்தகைய மீன்கள் கடைசியில் ஏரியிலும் குளத்திலும் விடப்படுகின்றன. தொட்டிப் பாசியைத் தின்பதற்கென்று விற்கப்படும் 'சக்கர்' மீன் இன்று நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலையை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

பணம் செலுத்தும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதிவு பெற்ற இணைய வணிகத் தளத்தில் வாங்கினால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அதன் குறைதீர் அலுவலர் நம் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். வாங்கிய பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமில்லை. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சமூக ஊடகக் குழுவில் 'அரோவானா மீன் பாதி விலை, முன்பணம் மட்டும் அனுப்புங்கள்' என்று எழுதும் முகமறியாதவருக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது நிலைமை வேறு. நாமே இரகசிய எண்ணை இட்டு அனுப்பிய தொகை, வங்கியின் பார்வையில் நம் ஒப்புதலோடு நடந்த பரிவர்த்தனை. ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள்' என்று வரும் கோரிக்கை இரண்டாவது ஏமாற்று. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு விலை ஒப்பீட்டைவிடப் பெரிய செலவு ஒன்று காத்திருக்கிறது. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவதே அது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் விடப்படும் மீன் எங்கே, என்ன விலைக்கு வாங்கியதாக இருந்தாலும் தப்புவது கடினம். பல மாதங்களாக நோயின்றி ஓடும் தொட்டி ஒன்று கடையில் இருக்குமானால், அதன் வடிகட்டியிலிருந்து பழைய பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கும் அந்தத் துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதிய வடிகட்டியில் வைத்தால், காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். எந்தத் தளத்தின் விலைப்பட்டியலிலும் அந்த அழுக்குப் பஞ்சு இல்லை. தெரிந்த கடைக்காரர் அதற்குப் பெரும்பாலும் காசு வாங்கமாட்டார், கேட்டால் கொடுங்கள்.