கோப்பைத் திறந்து படிப்போம்: ஆக்சுவரியல் மாணவர்களின் தரவுக் கல்விக்கான கொள்கைப் பிரகடனம்

பண்படாத ஒரு தரவுக் கோப்பைத் தன் கையால் திறந்து, பிழை களைந்து, மாடல் கட்டி, அதன் முடிவைப் பிறருக்கு விளங்கும்படி சொல்லிப் பழகாமல் எந்த மாணவரும் ஆக்சுவரி (காப்பீட்டு இடர்க் கணக்காளர்) ஆகக் கூடாது. அதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். காப்பீட்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவர்கள், இன்னும் சில தாள்கள் பாக்கி வைத்திருக்கும் மாணவர்கள் எனப் பலரும் இதில் இருக்கிறோம்.

இந்திய ஆக்சுவரியல் தேர்வுகளில் 2019 முதல் சிஎஸ்-1, சிஎஸ்-2 என்ற புள்ளியியல் பாடங்கள் இரண்டுக்கும் ஆர் மொழியில் ஒரு கணினித் தாள் உண்டு. அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் 2018 டிசம்பரில் கணிப்புப் பகுப்பாய்வுக்கென்றே தனித் தேர்வு கொண்டுவந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறோம். ஆனால் வகுப்பறையில் நடப்பது வேறு. பழைய வினாத்தாள் விடைகளில் உள்ள கட்டளை வரிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பாய்சான் பரவல், லாக் இணைப்பு என்று மளமளவெனத் தட்டச்சு செய்பவரிடம் ஏன் பாய்சான் என்று கேட்டால் விழிக்கிறார். குற்றம் அவருடையதல்ல. அவர் கைக்கு வருகிற தரவையெல்லாம் யாரோ முன்பே துடைத்து வைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் பாடத்தைத் தொடங்கப்போகும் இடத்தைச் சொல்கிறோம். பிரான்ஸின் மோட்டார் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுத் தரவு ஒன்று இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய 6,78,000 பாலிசிகள். அவற்றில் 100-க்குச் சுமார் 95 பாலிசிகளில் ஒரு கிளெய்மும் இல்லை. ஆகவே, யாருக்கும் விபத்தே நேராது என்று சொல்லும் மாடல்கூட 95 சதவீதம் சரியாக இருக்கும். ஆனால் அதை வைத்து ஒரு ரூபாய் பிரீமியம்கூட நிர்ணயிக்க முடியாது. துல்லியம் என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது அந்த நிமிடமே மாணவருக்குப் பிடிபடும். அடுத்து, பாலிசி எவ்வளவு காலம் அமலில் இருந்தது என்ற பத்தி. ஒரு மாதப் பாலிசியில் வந்த ஒரு கிளெய்மும் முழு ஆண்டில் வந்த ஒரு கிளெய்மும் ஒன்றா? இந்தக் கேள்வியைத் தானே கேட்டவருக்கு ஆஃப்செட் (அமலில் இருந்த காலத்தை மாடலில் ஈடுசெய்யும் உறுப்பு) எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே பத்தியில் ஓராண்டைத் தாண்டிய எண்களும் கிடக்கின்றன. அவற்றை வெட்டுவதா விடுவதா என்று முடிவெடுத்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

இழப்புத் தொகைகளை வரைந்து பார்த்தால் 1,204 யூரோ, 1,128.12 யூரோ போன்ற சில எண்களில் மட்டும் கோபுரம்போல் உயரும். அங்கே காமா பரவலைப் பொருத்த முயன்று தோற்கும் மாணவர்தான் காரணத்தைத் தேடிப் போவார். விபத்துக்குப் பிறகு பிரெஞ்சு நிறுவனங்கள் தங்களுக்குள் நிலையான தொகையில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் ஓர் ஒப்பந்தம் அதற்குப் பின்னால் இருக்கிறது. சூத்திரம் தெரிந்தவருக்குத் தொழிலும் தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. எட்மண்ட் ஹாலி 1693-இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணை, பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்து பிறந்தது. லண்டனில் வெளியூரார் வந்து குவிவதால் கணக்குக் குழம்பும் என்று கண்டுதான் அவர் அந்த ஊரின் பதிவுகளை எடுத்துக்கொண்டார். தரவைத் தேர்ந்தெடுப்பதிலேயே அவருடைய கணிப்பு தொடங்கிவிட்டது. இன்றைய மாணவரோ 2012-14 இந்திய இறப்பு அட்டவணையை அச்சான நிலையில் வாங்கி, தேவையான எண்ணை எடுத்துப் போட்டு நகர்கிறார்.

மாடலுக்கு மறுமுனையில் ஒரு மனிதர் பணம் கட்டுகிறார் என்பதையும் முதல் ஆண்டிலேயே கற்பிப்போம். ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பாலிசிகளில் ஆண், பெண் என்று பிரித்துப் பிரீமியம் வாங்க முடியாது. பாலினப் பத்தியை நீக்கினால் போதுமா? தொழில், வண்டியின் வகை, ஓட்டும் தூரம் ஆகியவை வழியே அதே வேறுபாடு உள்ளே வந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை மாணவர் தானே செய்து பார்க்க வேண்டும். கிரேடியன்ட் பூஸ்டிங்கும் நியூரல் நெட்வொர்க்கும் கற்பிப்போம். ஆனால் 1972-இல் நெல்டரும் வெட்டர்பர்னும் தந்த ஜி.எல்.எம். (பொதுமைப்படுத்திய நேரியல் மாடல்) முறையில் ஒரு மாடலைக் கட்டி, ஒவ்வொரு கெழுவுக்கும் பொருள் சொல்லத் தெரிந்த பிறகுதான். எதனால் இவருக்குப் பிரீமியம் ஏறியது என்று விளக்க முடியாதவர் கையில் வலுவான கருவியைக் கொடுக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

வகுப்பு தமிழில் நடக்கும். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பது தெரியும். ஆனால் சந்தேகம் கேட்கத் தயங்கும் மாணவர் அந்த மொழிக்கு அஞ்சியே பின்வரிசையில் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறார். கட்டணம் வாங்க மாட்டோம். ஆர், பைத்தான் இரண்டும் இலவசம், தரவும் இலவசம். திருநெல்வேலியில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கும் இது போதும். மாதிரி விடை தர மாட்டோம். தேர்வு நடத்தும் அமைப்புகளிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறோம்: கணினித் தாளில் பாதி மதிப்பெண்ணையாவது, செய்த முடிவுகளுக்கான எழுத்து விளக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

இயக்கத்தில் சேர மதிப்பெண் பட்டியல் தேவையில்லை. பொதுவில் கிடைக்கும் ஏதேனும் ஒரு காப்பீட்டுத் தரவை எடுத்து, அதில் கண்ட மூன்று கோளாறுகளையும், அவற்றை என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்பதையும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். காப்பீடு படிக்காத ஒருவர் அதை வாசித்துப் புரிந்துகொண்டால் நீங்கள் உறுப்பினர்.