கிராங்க் ஆட்டத்தை அளந்தீர்களா?

'பொட்டி தட்டறவனுக்கு எதுக்கு இந்த வேலை?' தங்கமணி கேட்டாச்சு. கவன்ட்ரியில் எங்கள் கராஜில் மூணு வாரமா டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் எஞ்சின் இறங்கிக் கிடக்கு. அந்தக் கார் பிறந்த ஊரும் இதுதான்.

அன்னியமில்லை, கேட்டேளா. 1961-ல் சென்னையில் தயாரிக்க ஆரம்பிச்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டோட 948 சிசி எஞ்சினுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி. கல்பாத்தியில் அப்பா ஒரு ஹெரால்ட் வைத்திருந்தார். பானெட்டை மொத்தமா முன்பக்கம் சாய்த்து, முன் டயர் மேலேயே உட்கார்ந்து வால்வு இடைவெளி பார்ப்பார்.

ஒரு வருஷம் தேருக்கு முந்தின வாரம் கிளட்சை மிதித்தால் சத்தம். பட்டறையில் கிளட்ச் பிளேட்டை மாத்திக் காசு வாங்கினார்கள். கிராங்க் முன்னும் பின்னும் ஆடுவதை யாரும் பார்க்கலை. பின் மெயின் பேரிங்கில் பிறை மாதிரி இருக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்து சம்ப்பில் விழுந்து, பிளாக்கே போச்சு. வண்டி பழைய இரும்புக்கு.

அதனால் என் கட்சி: பளபளன்னு பெயிண்ட் அடிப்பது ரீபில்ட் இல்லை. டயல் கேஜ் வைத்து அந்த ஆட்டத்தை அளக்காம எஞ்சினை மூடாதீங்க.

நேத்து பையன் அளந்தான். ஆட்டம் ஜாஸ்திதான். புது வாஷர் வரட்டும்.