சாவியை மாற்ற இத்தனை தயக்கம் ஏன்?

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வுக்கூடத்தின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாற்றலாகிப் போன ஆசிரியர்கள் சிலரிடமும் இருக்கலாம். பூட்டை மாற்றலாமே என்றால், “எல்லாருக்கும் ஒரே நாளில் புதுச் சாவி கொடுக்க வேண்டுமே” என்ற பதில்தான் வருகிறது. மாணவர்களே, இணையத்துக்கும் இதே தொல்லை உண்டு.

நீங்கள் அனுப்பும் புலனச் செய்தி பல ரவுட்டர்களைத் தாண்டித்தான் போகிறது. “இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம்” என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றன. வெவ்வேறு நிறுவனங்களின் ரவுட்டர்கள் இப்படிப் பேசிக்கொள்ளும் முறைக்கு பிஜிபி என்று பெயர். நடுவில் வேறொருவர் புகுந்து அண்டை ரவுட்டர்போல் நடித்தால்?

அதைத் தடுக்கும் ஒரு முறை 1998இல் ஆவணமாக வெளிவந்தது. இரண்டு ரவுட்டர்களுக்கும் ஒரே ரகசியச் சாவி. அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் சாவியோடு சேர்த்து எம்டி5 என்ற கணக்கில் போட்டால் 16 பைட் முத்திரை கிடைக்கும். பெறும் ரவுட்டரும் அதே கணக்கைச் செய்து பார்க்கும். முத்திரை ஒத்துவராவிட்டால் பொட்டலம் குப்பைக்குத்தான்.

சாவி பழசானால் என்ன செய்வது? 90 நாளுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், ஒரே சாவியைப் பல அண்டைகளிடம் பயன்படுத்தாதீர்கள் என்று 2003இல் வந்த ஆர்எஃப்சி 3562 சொல்கிறது. சொல்வது எளிது. இரண்டு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒருவர் மாற்றி மற்றவர் தாமதித்தால் முத்திரைகள் ஒத்துப்போகாது. சில நிமிடங்களில் தொடர்பு அறுந்து, அந்த வழியே செல்லும் பாதைகளும் மறைந்துவிடும். ஓடிக்கொண்டிருப்பதில் கைவைக்க எந்தப் பொறியாளருக்குத்தான் துணிச்சல் வரும்?

இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறை பூட்டின் வடிவமைப்பில் இருக்கிறது. எந்தச் சாவியால் முத்திரை போட்டோம் என்று சொல்ல அந்த முறையில் இடமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் உள்ளே பயன்படும் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையில் அதே 1998இலேயே சாவிக்கு எண் இருந்தது. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும்கூட இருந்தன. பிஜிபி தொடர்புகளுக்கு அந்த வசதி டிசிபி-ஏஓ என்ற பெயரில் வர 2010 ஆகிவிட்டது. இதில் ஒவ்வொரு சாவிக்கும் எண் உண்டு. புதுச் சாவி தயார் என்று ஒரு ரவுட்டர் மற்றதற்குச் சொல்லும். தொடர்பு அறுபடாமலேயே சாவி மாறிவிடும். இருந்தும் பல இடங்களில் எம்டி5 இன்னும் ஓடுகிறது. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

ஒன்றை மறைக்கக்கூடாது. சாவி “பேசுவது யார்” என்பதை மட்டுமே உறுதிசெய்யும்; சொல்வது உண்மையா என்று பார்க்காது. 2008 பிப்ரவரி 24இல் பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டில் யூடியூபைத் தடுக்கப்போய், தவறான பாதை அறிவிப்பை உலகத்துக்கே கசியவிட்டது. யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் முடங்கியது. எவ்வளவு புதிய சாவியும் அதைத் தடுத்திருக்காது. அதற்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். கதவுச் சங்கிலியில் பழைய பூட்டையும் புதுப் பூட்டையும் ஒன்றோடொன்று கோத்துப் போட்டால், எந்தச் சாவியாலும் திறக்கலாம். எல்லாருக்கும் புதுச் சாவி கிடைத்த பிறகு பழைய பூட்டைக் கழற்றிவிடலாம். தலைமையாசிரியர் யோசிக்கிறார்.